கிராண்டைக் கடைசியில் தள்ளியது யார்?

அமெரிக்க அதிபர்களை வரலாற்றாசிரியர்கள் வரிசைப்படுத்தும் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் ஒரே சண்டைதான். பேராசிரியர்களில் பெரும்பாலானோர் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள், தங்கள் ஆட்களுக்குத் தாங்களே மார்க் போட்டுக்கொள்கிறார்கள் என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் பொங்குவார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1996-ல் ஆர்தர் ஷ்லெசிங்கர் ஜூனியர் எடுத்த கணிப்பில் குடியரசுக் கட்சி அதிபர் ரீகனுக்கு 25-வது இடம். கணிப்பை நடத்தியவர் ஜனநாயகக் கட்சி அதிபர் கென்னடியின் வெள்ளை மாளிகையில் உதவியாளராக இருந்தவர். நாலே வருடத்தில், இரு தரப்பு அறிஞர்களையும் சமமாகச் சேர்த்து வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நடத்திய கணிப்பில் அதே ரீகன் 8-வது இடத்துக்கு வந்துவிட்டார்.

ஆனால் என்னை உறுத்துவது இந்தக் கட்சிச் சாய்வு அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1869 முதல் 1877 வரை அதிபராக இருந்த யுலிசிஸ் கிராண்டுக்கு நடந்ததுதான்.

1948-ல் லைஃப் இதழுக்காக 55 பேரிடம் கேட்டு எடுத்த முதல் பட்டியலில் கிராண்ட் கடைசிக்கு முந்தின இடம். குடிகாரர், ஊழலுக்கு இடம் கொடுத்தவர் என்ற பெயர். ஊழல் நடந்தது உண்மை. ஆனால் அதே கிராண்ட்தான் 1871-ல் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்தவர். தென் கரோலினாவில் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையையே நிறுத்திவைத்து, ராணுவத்தை அனுப்பி, இரவில் கறுப்பின மக்களின் வீடு புகுந்து அடித்தவர்களைப் பிடித்து உள்ளே போட்டவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டன்னிங் என்ற வரலாற்றாசிரியரும் அவருடைய மாணவர்களும் போருக்குப் பிந்தைய அந்தக் காலகட்டத்தையே ஒரு பெரும் தவறு என்று எழுதிவைத்தார்கள். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நின்றதே அவர்கள் கண்ணில் குற்றம். கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1935-லேயே மறுத்து எழுதினார். பல்கலைக்கழகங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே 1948 பட்டியலில் முதல் உலகப் போர்க்கால அதிபர் உட்ரோ வில்சனுக்கு நாலாவது இடம்! அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து உட்காரவைத்த ஆட்சி அவருடையது. 1914 நவம்பரில் மன்றோ டிராட்டர் என்ற பத்திரிகையாளர் ஒரு குழுவோடு வெள்ளை மாளிகைக்கே போய், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்டார். பிரித்துவைப்பது உங்களுக்கு நல்லதுதான் என்றார் வில்சன். டிராட்டர் விடாமல் வாதாடியதும், பேசும் தொனி சரியில்லை, இனி வருவதென்றால் வேறு ஆளோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வில்சன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர், வரலாற்றுப் புத்தகங்கள் எழுதியவர், 1924-ல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்துக்கே தலைவர். மதிப்பெண் போட்டவர்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. கிராண்டோ தோல் பதனிடுபவரின் மகன். இந்தச் சாய்வைக் கட்சிக் கணக்கில் எப்படிப் பிடிப்பீர்கள்?

சி-ஸ்பான் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி 2000 முதல் நடத்தும் கணிப்பில், எல்லோருக்கும் சம நீதிக்காக என்ன செய்தார் என்பதும் பத்துக் கேள்விகளில் ஒன்று. 2000-ல் அங்கே 33-வது இடத்தில் இருந்த கிராண்ட் 2021-ல் 20-க்கு ஏறியிருக்கிறார். வில்சன் 6-லிருந்து 13-க்கு இறங்கியிருக்கிறார். என்னைக் கேட்டால், டிராட்டரை வெளியே அனுப்பியவருக்கு அந்த 13-ம் இடமே மிக அதிகம்.