ஒழுங்காகச் சாகக்கூடத் தெரியாத நிரல்கள்

ஒரு நிரலைத் தொடங்குவதற்குக் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கையாவது அதை நிறுத்துவதற்கும் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுக் கேட்டே என் தொண்டை வறண்டுவிட்டது. நான் வேலை பார்க்கும் கோலாலம்பூர் அலுவலகத்தில் புதிய பதிப்பை ஏற்றும் ஒவ்வோர் இரவும் இதே கூத்துதான். பழைய கண்டெய்னர், அதாவது நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி, நிற்கும்போது பாதியில் இருந்த ஆர்டர்கள் அந்தரத்தில் தொங்கும். மறுநாள் காலையில் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை அக்கா அழைத்து, "தம்பி, காசு வெட்டிட்டாங்க, ஆர்டர் மட்டும் காணோம்" என்பார். அவரிடம் மன்னிப்புக் கேட்பது, அந்த நிரலை எழுதியவர்கள் அல்லர். தொலைபேசியை எடுக்கும் பொறுப்பில் இருக்கும் நாங்கள்தான்.

இத்தனைக்கும் இயங்குதளம் யாரையும் திடீரென்று கழுத்தை நெரிப்பதில்லை. முதலில் 15 என்ற எண்ணுடைய சிக்டெர்ம் சிக்னலை, அதாவது நிற்கச் சொல்லும் அறிவிப்பை, அனுப்பி, "கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பு" என்று மரியாதையாகச் சொல்கிறது. கண்டெய்னர்களை மேய்க்கும் குபர்நெட்டிஸ் இயல்பாக 30 நொடி காத்திருக்கிறது. அவற்றை ஓட்டும் டாக்கர் 10 நொடி. அதற்குப் பிறகுதான் எந்த நிரலாலும் தடுக்கவோ பிடிக்கவோ முடியாத 9-ஆம் எண் சிக்னல், உடனடியாகக் கொல்லும் சிக்கில், வருகிறது. கணினிக் கணக்கில் 30 நொடி ஒரு யுகம். அந்த யுகத்தையும் வீணடிக்கும் திறமை எங்கள் ஆட்களுக்கு வாய்த்திருக்கிறது.

பல சேவைகளில் சிக்டெர்ம் நிரலின் காதிலேயே விழுவதில்லை. கண்டெய்னரின் முதல் புராசஸாக (முதலில் ஓடும் நிரலாக) ஒரு ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை) வைத்து, அதற்குள்ளிருந்து நிரலைக் கூப்பிடுகிறார்கள். ஷெல் தனக்கு வரும் சிக்னலைத் தான் கூப்பிட்ட பிள்ளை நிரலுக்குக் கடத்துவதில்லை. 1-ஆம் எண் புராசஸ் சிக்னல் வந்தால் ஓட வேண்டிய ஃபங்ஷனை, அதாவது ஹேண்ட்லரை, தானே வைத்துக்கொள்ளாவிட்டால், சிக்டெர்முக்குரிய இயல்பான முடிவான சாவை இயங்குதளத்தின் மையமான கெர்னலும் அதன்மீது திணிப்பதில்லை. நிரலைக் கூப்பிடும் கடைசி வரியின் தொடக்கத்தில், ஷெல்லின் இடத்தில் நிரலையே உட்கார வைக்கும் "எக்செக்" என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தால் தீர்ந்துபோகும் வியாதி இது. சொன்னால், "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, எதற்குத் தொடுகிறீர்கள்?" என்று பதில் வருகிறது.

காதில் விழும் நிரல்கள் செய்வது இதைவிடக் கொடுமை. சிக்னல் ஹேண்ட்லருக்குள் தரவுத்தள இணைப்பை மூடுகிறார்கள், கோப்பில் பதிவு எழுதுகிறார்கள், இன்னொரு சேவையை அழைத்து விடைபெறுகிறார்கள். சிக்னல் என்பது எந்த இரண்டு கட்டளைகளுக்கு இடையிலும் வந்து நிற்கக்கூடியது என்பதும், சி மொழியில் நினைவகம் ஒதுக்கும் மேலாக், இன்னொருவர் குறுக்கே நுழையாதபடி தன் உள்பூட்டைப் போட்டு நினைவகப் பட்டியலைப் பாதி மாற்றிக்கொண்டிருக்கும் கணத்தில் அது வந்து, ஹேண்ட்லரும் மேலாக்கை அழைத்தால் கதை முடிந்தது என்பதும் பாலபாடம். ஹேண்ட்லருக்குள் எவற்றையெல்லாம் அழைக்கலாம் என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. அதில் நேரடியாக எழுதும் ரைட் இருக்கிறது; வடிவமைத்து அச்சிடும் பிரின்ட்எஃப் இல்லை, மேலாக் இல்லை. இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் பட்ட பாட்டைப் பார்க்கட்டும். உரிய நேரத்துக்குள் உள்நுழையாதவரைத் துண்டிக்க வரும் சிக்அலாரம் சிக்னலின் ஹேண்ட்லர், பதிவு எழுத சிஸ்லாகை அழைத்தது. அது, லினக்ஸின் சி நூலகமான கிளிப்சியில், மேலாக் வரை போகக்கூடியது. 2006-இல் திருத்தப்பட்ட இந்த ஓட்டை, 2020-இல் செய்த ஒரு மாற்றத்தால் திரும்பி வந்து, 2024 ஜூலையில் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தும்வரை திறந்தே கிடந்தது. கடவுச்சொல்லே இல்லாமல் தொலைவிலிருந்து முழுக் கட்டுப்பாடு தரும் ரூட் அதிகாரத்தைப் பிடிக்க வழிவிட்ட ஓட்டை அது.

மொழிகளின் ரன்டைமை (நிரலை ஓட்டும் அடித்தளத்தை) எழுதியவர்கள் நமக்காக இந்தப் பாடத்தைப் படித்துவிட்டார்கள். பைத்தானில் உண்மையான சிக்னல் வரும்போது உள்ளே இருக்கும் சி ஹேண்ட்லர் ஒரு கொடியை உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்கிறது. நாம் எழுதிய ஃபங்ஷன் பிறகு, இரண்டு பைட்கோடு கட்டளைகளுக்கு இடையில், முதன்மை த்ரெட்டில் (நிரலின் முதல் இயக்க இழையில்) ஓடுகிறது. கோ மொழியில் ரன்டைமே சிக்னலை வாங்கி ஒரு சேனலில் (செய்திகளைக் கடத்தும் குழாயில்) போட்டுவிடுகிறது. நிதானமாக எடுத்துப் படிக்கலாம். அந்தச் சேனலில் ஓர் இடமாவது ஒதுக்காமல் விட்டு, சிக்னல் வரும் நேரத்தில் படிக்க யாரும் தயாராக இல்லையென்றால், ரன்டைம் காத்திருக்காமல் அதைக் கைவிட்டுவிடும் என்று ஆவணத்தில் எழுதியிருப்பதை எங்கள் அணியில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவு பாதுகாப்பு செய்து கொடுத்த பிறகும் எங்கள் கட்டணச் சேவை சிக்கிக்கொண்ட அழகைச் சொல்கிறேன். பைத்தான் ஹேண்ட்லருக்குள், இணைப்புகளின் தொகுப்பை மூடுவதற்காக ஒரு த்ரெட்டிங் பூட்டை எடுக்கிறார்கள். அதே பூட்டைப் பிடித்துக்கொண்டு முதன்மை த்ரெட் ஓர் ஆர்டரைப் பதிந்துகொண்டிருந்தபோது சிக்டெர்ம் வந்தது. ஹேண்ட்லர் அந்த த்ரெட்டின் மேலேயே ஏறி ஓடுவதால், அது திரும்பினால்தான் கீழே இருக்கும் வேலை நகரும். கீழே இருக்கும் வேலை நகர்ந்தால்தான் பூட்டு விடுபடும். சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு, கதவைத் திறக்க யாராவது வருவார்களா என்று வாசலில் நிற்பவனின் கதி. த்ரெட்டிங் பூட்டுகளை ஹேண்ட்லருக்குள் பயன்படுத்தாதீர்கள் என்று பைத்தான் ஆவணம் வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. ஹேண்ட்லரில் ஒரு கொடியை உயர்த்திவிட்டு, அடுத்த ஆர்டரை எடுக்கும் முன் சுற்றின் தொடக்கத்தில் அதைப் பார்த்து வெளியேறுவதற்கு மொத்தம் நாலைந்து வரிகள் போதும்.

30 நொடி கழிந்து சிக்கில் வந்து, வெளியேறும் குறியீடு 137 என்று திரையில் சிவப்பாக விழுந்ததும் நடந்ததுதான் என் வயிற்றெரிச்சலின் உச்சம். 137 என்பது 128-உடன் கொன்ற சிக்னலின் எண்ணான 9-ஐக் கூட்டியது, அவ்வளவுதான். நினைவகம் தீர்ந்து கெர்னல் கொன்றாலும் அதே எண்தான் வரும் என்பதால், காரணம் எழுதியிருக்கும் பக்கத்து வரியைக்கூடப் பார்க்காமல், "மெமரி பற்றவில்லை" என்று கூட்டத்தில் தீர்ப்பு எழுதினார்கள். பெரிய சர்வருக்கு மாதாமாதம் ரிங்கிட் கரைகிறது. பூக்கடை அக்காவின் காசு திரும்பப் போவதற்கு மட்டும் நிதிப் பிரிவில் மூன்று கையெழுத்து வேண்டும்.

சத்தம் போட்ட பிறகு ஒரு திருத்தம் வந்தது. ஆவலோடு திறந்து பார்த்தேன். ஹேண்ட்லரை யாரும் தொடவில்லை. காத்திருப்பு நேரத்தை மட்டும் 30 நொடியிலிருந்து 120 ஆக்கியிருந்தார்கள். தன் பூட்டுக்குத் தானே காத்து நிற்கும் அந்த நிரல், இப்போது நான்கு மடங்கு நேரம் நின்றுவிட்டு அதே சிக்கிலில் சாகிறது.