தகுதி பார்க்கிற வீடுகள்

2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. என் டைம்லைனில் நம்மாட்கள் பலர் "இனி தகுதிதான் பேசும்" என்று கொண்டாடினார்கள். அவர்கள் அலபாமா பல்கலைக்கழகப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

1963-ல் கறுப்பின மாணவர்களான விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹூடும் அங்கே சேர வந்தபோது ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலை மறித்து நின்றார். அதிபர் கென்னடி மாநிலத்தின் தேசியக் காவல்படையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்த பிறகே நகர்ந்தார். சரி, வகுப்பறை திறந்தாயிற்று. ஆனால் சொரோரிட்டி வீடுகள், அதாவது மாணவிகள் தாங்களே உறுப்பினர்களைப் பொறுக்கி எடுக்கும் சங்கங்களின் வீடுகள், அதற்கப்புறம் 50 வருஷம் அநேகமாக முழு வெள்ளையாகவே இருந்தன.

எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. புது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் 'ரஷ்' வாரத்தில் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சிரித்துப் பேச வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கூடி யார் வேண்டும், யார் வேண்டாம் என்று முடிவெடுப்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் நல்ல மதிப்பெண்ணும் செல்வாக்குள்ள குடும்பமும் கொண்ட ஒரு கறுப்பினப் பெண்ணை எந்த வீடும் எடுக்கவில்லை. எடுக்க நினைத்த வீட்டில் குறுக்கே நின்றது பழைய மாணவிகள்! உறுப்பினர்களே இதை மாணவர் பத்திரிகையான 'கிரிம்சன் ஒயிட்'டிடம் போட்டு உடைத்தார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்வலம் போனார்கள். நிர்வாகம் அழுத்தம் கொடுத்ததும் சில வாரங்களில் கறுப்பினப் பெண்களுக்கு அழைப்பு வந்தது. அதுவரை இல்லாத தகுதி திடீரென்று எங்கிருந்து முளைத்தது?

"கறுப்பர்களும்தானே தனிச் சங்கம் வைத்திருக்கிறார்கள்" என்பார்கள். உள்ளே விடாததால்தான் வைத்தார்கள். 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற கறுப்பின ஆண்கள் சங்கத்தில் மார்ட்டின் லூதர் கிங்கும் உறுப்பினர். நம் ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் இருப்பது, 1908-ல் கறுப்பினப் பல்கலைக்கழகமான ஹோவர்டில் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற பெண்கள் சங்கத்தில்.

இந்த வீடுகளில் கிடைப்பது பார்ட்டி மட்டுமல்ல. வேலைக்குப் பரிந்துரை, அரசியல் தொடர்பு எல்லாம் அங்கேதான். அலபாமாவில் 'தி மெஷின்' என்கிற ரகசியக் கூட்டணி பல காலமாக மாணவர் தேர்தலையே ஆட்டிவைத்திருக்கிறது.

இப்போது 2024-ல் வந்த மாநிலச் சட்டத்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ (டைவர்சிட்டி) அலுவலகங்களுக்குப் பூட்டு. அலபாமாவில் கறுப்பின மாணவர் சங்கம் தன் அறையையும் இழந்தது. சொரோரிட்டி வீடுகளில் ரஷ் வழக்கம்போல நடக்கிறது. இனம் பார்க்கக்கூடாது என்பது கொள்கை என்றால், ஒவ்வொரு வீடும் யாரை எடுத்தது, யாரை விட்டது என்ற கணக்கை வருஷா வருஷம் வெளியிடட்டும். பழைய மாணவிகளின் தலையீட்டுக்கும் தடை போடட்டும்.