லைசென்ஸ் வாங்கியது நானா, மதர்போர்டா?

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற என் கடையில் திங்கட்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன், முடியவில்லை.

கம்ப்யூட்டரில் எல்லா உறுப்புகளையும் இணைக்கிற மதர்போர்டு போனது என் கஷ்டம். அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற ரிச்சி தெருவுக்கு ஓடினோம், அதே மாடல் கிடைக்கவில்லை, வேறு ஒன்றைப் போட்டு மதியத்துக்குள் சிஸ்டத்தை எழுப்பிவிட்டோம். பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிற தமிழ் டைப்செட்டிங் சாஃப்ட்வேர் மட்டும் திறக்க மறுத்தது. கம்பெனிக்குப் போன் செய்தால், லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டதாம். போர்டு போனால் அதுவும் போச்சாம், புதிதாக வாங்க வேண்டுமாம். பில் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன். "பழைய சிஸ்டத்துலயும் நீங்க ஓட்டலைன்னு நாங்க எப்படி சார் நம்புறது?" என்றார் அந்தத் தம்பி.

காசு கொடுத்து வாங்கியவனிடம் கேட்கிற கேள்வியா இது? பில்லில் இருப்பது என் கடையின் பெயர், போர்டின் சீரியல் நம்பர் இல்லை. நான் வாங்கினேன். எனக்காக வாங்கினேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர்டின் எண், ஹார்ட் டிஸ்கின் எண், நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்ணான மேக் முகவரி என்று சிலவற்றைச் சேர்த்து, இதுதான் உன் கம்ப்யூட்டர் என்று சாஃப்ட்வேர் குறித்துக்கொள்கிறது. அதில் ஒன்று மாறினாலும் சில சாஃப்ட்வேருக்கு நம்மை அடையாளம் தெரியாது. டிரைவை ஃபார்மேட் செய்தாலே அதற்கு விண்டோஸ் கொடுக்கிற வால்யூம் சீரியல் எண் மாறிவிடும், அதற்கே நின்றுபோகிறவை உண்டு. சென்னை வெயிலிலும் வோல்டேஜ் ஏறி இறங்குவதிலும் எந்த சிஸ்டம் பத்து வருஷம் அதே உறுப்புகளோடு இருக்கும்? 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்துக் கடைகளில் தண்ணீர் ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். போர்டு தண்ணீரில் போனால் லைசென்ஸும் கூடவே போக வேண்டுமா?

என் அப்பா திருவல்லிக்கேணியில் டிரெடில் என்கிற பழைய அச்சு மெஷின் வைத்திருந்தார். ஒரு தை மாதம், முகூர்த்த நெருக்கடியில், மோட்டார் எரிந்துவிட்டது. ஈய எழுத்துக் கோத்து சட்டத்தில் முடுக்கி வைத்திருந்த பத்திரிகையை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அடுத்த தெரு அச்சகத்துக்கு நடந்தார். நான் பின்னால் பேப்பர் கட்டோடு போனேன். ராத்திரி பத்து மணிக்குள் முந்நூறு பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டார். ஈய எழுத்து அவருடையது, எந்த மெஷினில் ஏற்றினாலும் அச்சாகும். எழுத்து விற்றவர் வந்து, "எந்த மெஷினில் ஓட்டினாய்?" என்று கேட்கவில்லை.

திருட்டுப் பிரதி ஊர் முழுக்க இருக்கிறதே, கம்பெனிக்காரர்கள் என்னதான் செய்வார்கள் என்பீர்கள். இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சாஃப்ட்வேரை உருவாக்கியவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் பூட்டை உடைத்து ஓட்டுகிறவனுக்கு இந்தத் தொல்லை ஒன்றுமே இல்லை, போர்டு மாற்றினால் மறுபடி போட்டுக்கொள்வான். மாட்டுவது பில் வாங்கியவன் மட்டும்தான்.

ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டியதுதானே என்று அறிவுரை சொல்ல வேண்டாம். இன்ஸ்டால் ஆகும்போது இங்கிலீஷில் ஓடுகிற அந்த நாற்பது பக்கத்தைப் படித்தவர் யார்? இலவச சாஃப்ட்வேருக்கு மாறு என்பவர்களுக்கு: பதினெட்டு வருஷ வேலை பழைய எழுத்துருவில், யூனிகோடு என்கிற பொதுக் குறியீட்டுக்கு முந்தைய குறியீட்டில் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத வேறு எதில் திறந்தாலும் கொத்துக்கொத்தாக இங்கிலீஷ் எழுத்தும் கோடும்தான் வரும்.

வேறு வழியே இல்லை என்றால் பொறுத்துக்கொள்வேன். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி, லைசென்ஸை அந்தக் கம்ப்யூட்டரோடு சரிபார்க்கிற ஆக்டிவேஷனோடு வந்தபோதே, உறுப்புகள் நிறைய மாறினால் போனில் பேசி மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ள முடிந்தது. 2016இல் விண்டோஸ் 10 லைசென்ஸை நம் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துக்கொள்ளும் வசதி வந்தது. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருகிற லைசென்ஸ் வேறு, அது போர்டோடு போய்விடும். நான் அப்படியா வாங்கினேன்? தனியாக, முழு விலை கொடுத்து வாங்கினேன். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52, முறையாக வைத்திருப்பவர் சாஃப்ட்வேருக்கு பேக்கப் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது, அழிந்துபோனால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று. என்னிடமும் பேக்கப் இருக்கிறது. திறக்காத பேக்கப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை, பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த கல்யாணப் பெண்ணின் அப்பா கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். "தம்பி, சொந்தக்காரங்களுக்கு இன்னும் ஒரு பத்திரிகைகூட வைக்கலப்பா" என்றார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கம்பெனியிலிருந்து என் மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

அன்று ராத்திரி பென் டிரைவில் ஃபைலைப் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் கடைக்குப் போனேன். அதே சாஃப்ட்வேர் அங்கே இருந்தது, காசு கொடுக்காத பிரதி. ஃபைல் உடனே திறந்தது. பெண் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்திவிட்டு பிரிண்ட் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பிரதியில் நான் வேலை பார்த்தது அதுதான் முதல் தடவை.