டென்ஷனைக் குறைங்கன்னு சொன்னா போதுமா?

போன மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "இன்னைக்கு கலெக்‌ஷன் ஏன் முடியல?" என்று மெசேஜ். பதில் அடிக்கும்போதே நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருந்தது. கேஸ்தான் என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். (தயவுசெய்து இதை நீங்கள் செய்யாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.) மறுநாள் ஈசிஜி சரியாக இருந்தது. பிபி மட்டும் 160/100. "டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி மாத்திரை எழுதினார் டாக்டர்.

எப்படிக் குறைப்பது? அது என் கையிலா இருக்கிறது?

பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் டென்ஷன், அவர்களுக்குத்தான் மாரடைப்பு என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். லண்டனில் 1967-ல் அரசு ஊழியர்களான ஆண்கள் சுமார் 18,000 பேரை வைத்து 'வைட்ஹால்' ஆய்வைத் தொடங்கினார்கள். உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்தது ஏறக்குறைய மூன்று மடங்கு! சிகரெட், பிபி, கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. 1985-ல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரிடம் மறுபடி ஆரம்பித்தார்கள். தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்குத்தான் இதய நோய் அதிகம் வந்தது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் இதைப் பற்றியே காலமெல்லாம் பேசுகிறார்.

பயந்தால் அட்ரீனலின் சுரக்கும், துடிப்பு ஏறும், ரத்தக் குழாய் சுருங்கும். நாய் துரத்தினால் அது நல்லதுதான், ஓடித் தப்பிக்கலாம். எங்களைத் துரத்துவது டார்கெட். மாதம் முடிந்தால் அடுத்த மாதத்து டார்கெட் வந்து நிற்கும்.

நேரக் கணக்கு தனி. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்தால், 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொன்னன. காலை ஒன்பதரை முதல் இரவு எட்டரை வரை, ஆறு நாள். எனக்கு வாரம் 66 மணி நேரம்.

ஆபீசிலும் சும்மா இருக்கவில்லை. மன அழுத்தம் குறைக்க யோகா வகுப்பு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு. வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும்!

போன வாரம் தைரியம் வந்து மேனேஜரிடம் கேட்டேன். "சார், எட்டு மணிக்கு மேல குரூப்ல மெசேஜ் வேண்டாமே?"

"எனக்கே மேலேர்ந்து பதினோரு மணிக்கு வருதுப்பா" என்றவர், மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். உள்ளே நான் போடுகிற அதே பிபி மாத்திரை.