கிணற்றடியில் மறைந்து குடிக்கும் தண்ணீர்

கடந்த வாரம், ரமழான் நாளொன்றில் அஸர் என்ற மாலைத் தொழுகைக்குச் சற்று முன்னர், எங்கள் குர்ஆன் மத்ரஸாவில் ஓதும் 14 வயதுப் பிள்ளை ஒருத்தி, மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போகும் வரை காத்திருந்து என்னிடம் வந்தாள். "டீச்சர், எனக்கு நாலு நாளா நோன்பு இல்ல. வாப்பாக்கும் காக்காக்கும் (அண்ணனுக்கும்) தெரியக் கூடாதெண்டு உம்மா சொன்னா. அதால விடியப்புறச் சஹர் சாப்பாட்டுக்கும் எழும்புறன், பகல்ல ஒண்டும் சாப்பிடுறதில்ல. கிணத்தடிக்குப் போய்த் தண்ணி மட்டும் குடிக்கிறன். அது பாவமா டீச்சர்?" என்று கேட்டாள். மாதவிடாய் நாட்களைத்தான் அப்படிச் சொன்னாள். அவளுடைய உதடுகள் வெடித்திருந்தன. பசியோடு இருப்பதை அவள் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் பாவம் என்று நினைத்துப் பயந்திருந்தாள்.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். 2001 ஆம் ஆண்டின் ரமழானில், சாதாரண தரப் பரீட்சை நெருங்கியிருந்த நாட்களில், திருகோணமலை நகரில் வகுப்பு முடித்துக் கிண்ணியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறக்கப்பட்டது; அதுவரை 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கரை சேர வேண்டும். மாதவிடாயின் இரண்டாம் நாள், வயிற்று வலி, விடியற்காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. பாதை நடுத்துறைக்கு வந்தபோது கண் இருண்டு விழுந்துவிட்டேன். யாரோ ஒரு பெண் தண்ணீர்ப் போத்தலை என் வாயருகே கொண்டுவர, பக்கத்தில் நின்ற இன்னொருவர், "நோன்புப் பிள்ளை, குடுக்காதீங்க" என்று தடுத்தார். எனக்கு நோன்பு இல்லை என்று சொல்ல நா எழவில்லை. சுற்றிலும் ஆண்கள் நின்றார்கள். அந்தத் தண்ணீர் என் முகத்தில் தெளிக்கப்பட்டதோடு சரி.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நிலையில் ஒரு பிள்ளை என் முன்னால் வந்து நின்றதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெண்களுக்குள் மட்டும் பேச வேண்டிய விடயம் இது என்று சிலர் நினைக்கக்கூடும். மறைப்பது யாரிடமிருந்து என்பதைப் பார்த்தால், ஆண்களும் இதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

மாதவிடாய் வந்த பெண் நோன்பை விடுவது அவளுக்குக் கொடுக்கப்பட்ட சலுகை மட்டுமல்ல, அது அவள் மீதான கட்டளை. பயணியோ நோயாளியோ விரும்பினால் நோன்பு பிடிக்கலாம். அவளுக்கு அந்தத் தெரிவு இல்லை. நோன்பு என்ற நிய்யத்தோடு (எண்ணத்தோடு) அவள் பட்டினி இருந்தால், அந்த நோன்பு நிறைவேறாது என்பதோடு அது ஹராமும் (தடுக்கப்பட்டதும்) ஆகும் என்றே சட்ட அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நிய்யத் இல்லாமல் பட்டினி இருந்தாலோ அது வெறும் பட்டினிதான். அதற்குக் கூலி என்று எதுவுமில்லை. முஆதா என்ற பெண், நபி (ஸல்) அவர்களின் மனைவி அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம், மாதவிடாய்ப் பெண் நோன்பைக் கழாச் செய்கிறாள் (விட்டதைப் பின்னர் நிறைவேற்றுகிறாள்), தொழுகையைக் கழாச் செய்வதில்லை, இது ஏன் என்று கேட்டபோது, நோன்பைக் கழாச் செய்யுமாறு நாங்கள் ஏவப்பட்டோம், தொழுகையைக் கழாச் செய்யுமாறு ஏவப்படவில்லை என்றுதான் அன்னையவர்கள் பதில் சொன்னார்கள். நோன்பு பிடிக்கச் சொன்ன அல்லாஹ்வே விடவும் சொன்னான். பிடித்த நாளில் எப்படி அல்லாஹ்வின் அடியாளாக இருந்தாளோ, விட்ட நாளிலும் அப்படியே இருக்கிறாள்.

ஹஜ்ஜுக்குப் போகும் வழியில், ஸரிஃப் என்ற இடத்தில் தமக்கு மாதவிடாய் வந்ததும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அழுதார்கள். இது ஆதமின் பெண் மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று, ஹாஜிகள் செய்யும் எல்லாவற்றையும் செய்யுங்கள், கஃபாவைத் தவாஃப் செய்வதை (வலம் வருவதை) மட்டும் விட்டுவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். இந்த ஹதீஸை நான் பலமுறை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், தடுக்கப்பட்டது ஒன்றே ஒன்று, திறந்து விடப்பட்டது மற்ற எல்லாம் என்பதுதான் என் மனதைத் தொடுகிறது. நம் வீடுகளில் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

மதீனாவில் அன்று இருந்த வேறு சமூகத்தாரிடம், மாதவிடாய்ப் பெண்ணோடு சேர்ந்து உண்ணாமலும் ஒரே அறையில் தங்காமலும் ஒதுக்கி வைக்கும் வழக்கம் இருந்தது. அதைப் பற்றி ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) கேட்டபோதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 222 ஆவது வசனம் இறங்கியது. தாம்பத்திய உறவைத் தவிர மற்ற எதையும் செய்யலாம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். மாதவிடாயில் இருந்த தம் மனைவி குடித்த பாத்திரத்தில், அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தார்கள். அவர் மடியில் தலை சாய்த்துக் குர்ஆன் ஓதினார்கள். பள்ளிவாசலில் இஃதிகாஃப் (தங்கி வணங்குதல்) இருக்கும்போது தலையை அறைப்பக்கம் நீட்ட, மாதவிடாயோடு இருந்த ஆயிஷா (ரழி) அவர்கள் தம் அறையிலிருந்தே தலைமுடியைச் சீவிவிட்டார்கள். பள்ளியிலிருந்து விரிப்பை எடுத்துத் தரும்படி சொன்னபோது அவர் தயங்க, உம் மாதவிடாய் உம் கையில் இல்லை என்றார்கள். வீட்டில் நடந்த இவற்றையெல்லாம் நமக்கு அறிவித்தவரே ஆயிஷா (ரழி) அவர்கள்தான். தம் வாழ்க்கையின் இந்தப் பகுதியை அவர் மறைத்திருந்தால் பெண்களுக்கான சட்டத்தில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு வெட்கம் அன்ஸாரிப் பெண்களை (மதீனாவாசிகளான பெண்களை) தடுக்கவில்லை என்று அவர்களைப் புகழ்ந்தவரும் அவரே.

நோன்பாளிகள் முன்னால் சாப்பிடாமல் இருப்பது நல்ல அதபு (ஒழுக்கம்). அதை நான் மறுக்கவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் சமையலறையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுவதற்கும், சாப்பிடவே இல்லை என்று நடிப்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. நம் பகுதியில் கல்யாணம் முடித்த பிறகும் பெண் தாய்வீட்டிலோ, தாய்வீட்டுக்குப் பக்கத்து வளவிலோதான் இருக்கிறாள். வாப்பா, காக்கா, தம்பி, மச்சான் என்று எந்நேரமும் வீட்டில் ஆண்கள். "இண்டைக்கு நோன்பா?" என்று சாதாரணமாகக் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு, பிள்ளை பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. ரமழானில் பொய்யை விடாதவரின் பசியும் தாகமும் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற ஹதீஸைப் படிக்கும் அதே பிள்ளையை, நாமே பொய் சொல்லப் பழக்குகிறோம். ஆண்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

இனி, பிள்ளைகளும் தாய்மாரும் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றுக்கு, நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி (சட்டப் பிரிவின்படி) பதில் சொல்கிறேன். மாதவிடாயின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும், அதாவது 24 மணித்தியாலம். வழமை 6 அல்லது 7 நாட்கள். கூடியது 15 நாட்கள். அதைத் தாண்டி வருவது இஸ்திஹாழா. அதற்காகத் தொழுகையையோ நோன்பையோ விட முடியாது. பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள், அது ஓர் இரத்த நாளத்திலிருந்து வருவது, மாதவிடாய் அல்ல என்றே விளக்கினார்கள். 15 நாட்களைத் தாண்டியவர்கள், தங்களுடைய வழமையான நாட்களைச் சொல்லி ஒரு மௌலவியாவிடம் (மார்க்கம் கற்ற பெண்ணிடம்) தனியாகக் கேட்பதே நல்லது. ஆளுக்கு ஆள் சட்டம் மாறும்.

சஹர் நேரம் முடிவதற்குள் இரத்தம் நின்றுவிட்டால், குளிக்க நேரம் இல்லாவிட்டாலும் நிய்யத் வைத்து நோன்பு பிடிக்க வேண்டும்; சுபஹ் (அதிகாலைத் தொழுகை) பாங்கு சொன்ன பிறகு குளித்துத் தொழலாம், நோன்பு கூடும். இது தெரியாமல், "குளிக்கல்லயே" என்று நோன்பை விட்டவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அன்றிரவின் தொழுகைகளான மஃரிபும் இஷாவும்கூட அவள் மீது கடமையாகிவிடும்; அஸருடைய நேரத்துக்குள் சுத்தமானால் லுஹரும் (நண்பகல் தொழுகையும்) சேர்ந்தே கடமை. மறுபக்கம், மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரத்தம் வந்தாலும் அந்த நோன்பு முறிந்துவிடும், கழாச் செய்ய வேண்டும். வயிற்று வலி மட்டும் வந்து, நோன்பு திறந்த பிறகுதான் இரத்தம் தெரிந்தது என்றால் நோன்பு நிறைவானது. லுஹர் நேரம் வந்து, தொழுவதற்குப் போதுமான நேரம் கழிந்த பின்னர், தொழாமல் இருக்கும்போதே மாதவிடாய் வந்தால், அந்த ஒரு லுஹர் கடனாக நிற்கும். நோன்பு மாதத்தில் அடுப்படி வேலைக்காகத் தொழுகையைப் பிற்படுத்தும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். நின்றுவிட்டதோ என்ற சந்தேகத்தில் அவசரப்பட்டுக் குளிக்கவும் கூடாது. பஞ்சை அனுப்பிக் கேட்ட பெண்களிடம், வெண்மையைக் காணும் வரை அவசரப்படாதீர்கள் என்றே ஆயிஷா (ரழி) அவர்கள் சொல்லியனுப்பினார்கள்.

விட்ட நோன்புகளை அடுத்த ரமழானுக்கு முன்னர் பிடித்துவிட வேண்டும். தமக்கு இருந்த கழாவை ரமழானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தில்தான் பிடிக்க முடிந்தது என்று அன்னையவர்களே சொல்லியிருக்கிறார்கள்; ஆகவே பிந்திவிட்டதே என்று வருந்த வேண்டாம். காரணமின்றி அடுத்த ரமழானையும் தாண்டவிட்டால், கழாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து (இரு கை நிறைய அள்ளும்) அளவு தானியமும் கொடுக்க வேண்டும். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரைகளை வைத்தியரைக் கேட்காமல் போடாதீர்கள். அல்லாஹ் விடச் சொன்ன நாட்களுக்காக உடம்பை வருத்தத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

குர்ஆன் ஓதுவது பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில், ஓதல் என்ற எண்ணத்தோடு ஓதக் கூடாது. திக்ர் (இறை நினைவு), துஆ (பிரார்த்தனை) என்ற எண்ணத்தில் குர்ஆனின் வாசகங்களைச் சொல்லலாம். மாலிக்கி மத்ஹபில் மாதவிடாய்ப் பெண் ஓத அனுமதி உண்டு. மனனம் செய்யும் பிள்ளைகள் மறந்துவிடுவோமோ என்று பயப்படும்போது நான் இதைச் சொல்வேன். எதை எடுப்பது என்பதை அவர்களுடைய உஸ்தாதாவிடம் (ஆசிரியையிடம்) விட்டுவிடுவேன். ஓதக் கேட்பதில் எந்தத் தடையும் இல்லை. பயான் (மார்க்கச் சொற்பொழிவு) பள்ளிவாசலுக்குள் நடந்தால் போய் அமர முடியாது. மத்ரஸா மண்டபத்திலோ வீட்டிலோ நடந்தால் தாராளமாகப் போகலாம்.

ரமழானின் கடைசிப் பத்து நாட்களில் இப்படி ஆகிவிட்டதே என்று அழுபவர்களுக்கு, லைலத்துல் கத்ர் என்ற மகத்தான இரவில் என்ன கேட்பது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டபோது நபியவர்கள் கற்றுக்கொடுத்தது ஒரு துஆவைத்தான் என்பதை நினைவூட்டுகிறேன்: அல்லாஹும்ம இன்னக அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஃஃபு அன்னீ (யா அல்லாஹ், நீ மன்னிப்பவன், மன்னிப்பை விரும்புபவன், என்னை மன்னிப்பாயாக). அதற்கு வுழூவும் (தொழுகைக்கான கழுவுதலும்) தேவையில்லை, முஸல்லாவும் (தொழுகை விரிப்பும்) தேவையில்லை. இஸ்திஃபார் (பாவமன்னிப்புக் கேட்பது), ஸலவாத் (நபியவர்களுக்காகத் துஆச் செய்வது), ஸதகா (தர்மம்) எல்லாம் அப்படித்தான். நோன்பாளியை நோன்பு திறக்க வைத்தவருக்கு, அந்த நோன்பாளியின் கூலி குறையாமலே அதே போன்ற கூலி உண்டு என்ற ஹதீஸின்படி பார்த்தால், வலியோடு நின்று பானையில் கஞ்சி கிண்டும் பெண் எத்தனை நோன்பாளிகளின் கூலியைச் சுமந்துகொண்டு போகிறாள்!

அந்தப் பிள்ளையை அன்றே வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு கொடுத்தேன். நாட்காட்டியில் நான்கு நாட்களையும் வட்டமிட்டுக் கொடுத்து, இவை கழா என்று எழுத வைத்தேன். மறுநாள் அவளுடைய உம்மாவைச் சந்தித்தேன். அவரும் தம் சிறுவயதில் கிணற்றடியில்தான் தண்ணீர் குடித்ததாகச் சொல்லிக் கண் கலங்கினார்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். பெருநாள் காலையில், தொழுகை இல்லாத பெண்கள்தானே என்று அவர்களை அடுப்படியில் விட்டுவிட்டு வருகிறோம். உம்மு அதிய்யா (ரழி) அவர்களின் அறிவிப்பில், மாதவிடாய்ப் பெண்களையும் பெருநாள் திடலுக்கு அழைத்து வரும்படியும், தொழும் இடத்திலிருந்து மட்டும் அவர்கள் விலகியிருந்து முஸ்லிம்களின் துஆவில் கலந்துகொள்ளும்படியும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக இருக்கிறது. இம்முறை திடலில் பெண்களின் ஸஃப்புகளுக்கு (தொழுகை வரிசைகளுக்கு) பின்னால், சற்றுத் தள்ளி, இரண்டு பாய்களைத் தனியாக விரித்து வையுங்கள். அந்தப் பிள்ளையையும் அவளுடைய உம்மாவையும் நான் அழைத்து வருகிறேன்.