போனில் "சரி" என்று சொன்னவன்

ஞாயிற்றுக்கிழமை டர்பனின் சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் நடந்த நினைவு வழிபாட்டில் என்ன பேசப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காணொளி எல்லாருடைய கைக்கும் வந்துவிட்டது. எனக்கு மட்டும் ஐந்து பேர் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் கைகூப்பும் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள், ஏதோ திருநீறு அனுப்புவது போல.

பேசியவர் பெரியவர். கோயிலுக்காக உழைத்தவர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை, நீங்களும் கீழே எழுத வேண்டாம். கொரோனா நோயாளிகளுக்கு வென்டிலேட்டர் வைப்பதைப் பற்றி டாக்டர்களே பிறகு யோசித்து வழியை மாற்றிக்கொண்டார்கள், அப்படியானால் முதலில் வைக்கப்பட்டவர்களைக் கொன்றது எது என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. நாமே கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்தோம் என்றார். கூட்டம் கைதட்டியது. நினைவு வழிபாட்டில் கைதட்டல்! சரி, காலம் மாறிவிட்டது போலிருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். டாக்டர்கள் யோசித்து மாற்றிக்கொண்டது கொலையை ஒப்புக்கொண்டது ஆகாது. 31 வருடம் சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவன் நான். அழுத்தத்தை ஏற்றுவது யாருக்கும் வரும். எங்கே நிறுத்துவது என்பதுதான் தொழில். அந்த அளவை நாங்கள் எத்தனை முறை திருத்தியிருக்கிறோம் தெரியுமா? திருத்திய ஒவ்வொரு முறையும், அதற்கு முன் வேலை பார்த்தவன் கொலைகாரன் என்று யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை.

அவர்கள் என்னதான் மாற்றிக்கொண்டார்கள் என்று மேடையில் யாராவது சொன்னார்களா? நான் சொல்கிறேன். 2020 மார்ச், ஏப்ரலில் உலகம் முழுவதும் பல மருத்துவமனைகளில் ஆக்சிஜன் அளவு விழுந்தவுடனேயே நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக்குழாயில் குழாய் இறக்கி, வென்டிலேட்டரில் இணைத்தார்கள். காத்திருந்தால் ஆள் சட்டென்று சரிந்துவிடுவார் என்ற பயம் ஒன்று. முகமூடி வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தினால் கிருமி காற்றில் பரவி நர்ஸ்களைத் தாக்கும் என்ற பயம் இன்னொன்று. இரண்டும் அன்றைக்கு நியாயமான பயங்கள்தான். பிறகு வினோதமான நோயாளிகளைப் பார்த்தார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரில் ஆபத்தான எண், எழுபதுகளில் காட்டும், ஆள் கட்டிலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பார். கட்டினோனி என்ற இத்தாலிய நிபுணர், இவர்களில் பலருடைய நுரையீரல் இன்னும் இளக்கமாகவே இருக்கிறது, இறுகிப்போன நுரையீரலுக்குக் கொடுக்கும் அழுத்தத்தை இதற்கும் கொடுத்தால் கெடுதல் என்று எழுதினார். இல்லை, இது நமக்குத் தெரிந்த பழைய நுரையீரல் பாதிப்புதான், பழைய விதிகளே போதும் என்று அவரோடு மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. கடைசியில், முடிந்தவரை குழாய் இறக்காமல் தாக்குப்பிடிப்போம், மூக்கு வழியாக அதிவேக ஆக்சிஜன் கொடுப்போம், விழித்திருக்கும் நோயாளியையும் குப்புறப் படுக்க வைத்துப் பார்ப்போம், இவை எதிலும் தேறாதவருக்கு வென்டிலேட்டர் என்ற நிலைக்குப் பெரும்பாலானோர் வந்தார்கள். கவனியுங்கள், வென்டிலேட்டர் என்ற கடைசிப் படி அப்படியே இருக்கிறது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டதாக மேடையில்தான் கேள்விப்பட்டேன்.

அந்த இயந்திரத்தைப் பற்றி யோசிப்பதும் கொரோனாவோடு தொடங்கியதில்லை. நோயாளியின் உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிட்டு, கிலோவுக்கு 12 மில்லி லிட்டர் காற்றை ஒவ்வொரு மூச்சிலும் தள்ளுவது ஒரு காலத்தில் சாதாரணம். அதைப் பாதியாக்கி 6 மில்லி லிட்டர் கொடுத்தால் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைகிறது என்று 2000-இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்துக் காட்டினார்கள். நுரையீரலும் ஒரு பாய்லர்தான், ஊதினால் கிழியும். 2013-இல் பிரான்சில், வென்டிலேட்டரில் இருக்கும் கடுமையான நோயாளிகளை நீண்ட நேரம் குப்புறப் படுக்க வைத்தால் இறப்பு 33-இலிருந்து 16 சதவீதமாக இறங்குகிறது என்று கண்டார்கள். ஒவ்வொரு முறையும் யோசித்தார்கள், மாற்றினார்கள். அப்போதெல்லாம் நாம் எங்கே இருந்தோம்? நம் வீட்டில் யாரும் அந்தக் கட்டிலில் இல்லை, அதனால் நமக்குக் கவலை இல்லை.

அப்புறம் அந்த எண். "வென்டிலேட்டரில் போனவர்களில் 90 சதவீதம் பேர் செத்தார்கள்." இது எங்கிருந்து வந்தது என்று ஒரு வாரம் உட்கார்ந்து தேடியவன் நான். நியூயார்க் மருத்துவமனைகளைப் பற்றிய 2020 ஏப்ரல் கட்டுரை ஒன்றில் 88 சதவீதம் என்று வந்தது. எப்படி வந்தது? வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கட்டிலில்தான் இருந்தார்கள், முடிவு தெரியாமல். முடிவு தெரிந்த கொஞ்சம் பேரை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு அது. சில நாட்களில் திருத்தி, எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் அதுவரை இறந்தவர்கள் 24.5 சதவீதம் என்று வெளியிட்டார்கள். திருத்தம் சாட்ஸ்வொர்த் வரை வந்து சேரவில்லை. அதற்குள் 88 இங்கே 90 ஆகிவிட்டது. இறப்பு குறைவு என்று நான் சொல்லவில்லை. அதே நேரம் பிரிட்டனில் வந்த முதல் கணக்கில் மூன்றில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள், அது கொடுமையான எண்தான். ஆனால் சாகும் நிலைக்குப் போனவருக்குத்தான் அந்த இயந்திரம் வைக்கப்படுகிறது. தீயணைப்பு வண்டி நிற்கும் வீடெல்லாம் எரிந்திருக்கிறது, ஆகவே வண்டிதான் கொளுத்தியது என்பீர்களா?

"டாக்டர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று ஒருவர் எழுதுவார். வாங்குகிறேன், அதற்கென்ன.

"வென்டிலேட்டர் விற்ற கம்பெனிகள் பணம் பார்த்தன" என்று இன்னொருவர். நம் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். தேசிய வென்டிலேட்டர் திட்டம் என்று பெயர் வைத்து, அதை நடத்தும் பொறுப்பை கரூ அரைப் பாலைவனத்தில் மீர்காட் தொலைநோக்கி வைத்திருக்கிற ரேடியோ வானியல் ஆய்வகத்தாரிடம் கொடுத்தார்கள். வானத்தைக் கேட்கிறவர்கள் மூச்சைக் கவனிக்க வந்தார்கள். அவர்கள் மேற்பார்வையில் இங்கேயே செய்தது என்ன கருவி? குழாய் இறக்கும் வென்டிலேட்டர் இல்லை. முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றும் ஆக்சிஜனும் கொடுக்கும் எளிய கருவி. கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர், டைகர்பெர்க் மருத்துவமனைகளில் அதே 2020-இல் 293 பேருக்கு மூக்கு வழியாக அதிவேக ஆக்சிஜன் கொடுத்தார்கள், அதுவும் ஐசியுவுக்கு வெளியிலேயே. சாதாரண ஆக்சிஜன் முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால், இதில் சூடும் ஈரமும் சேர்த்து 60 லிட்டர் வரை போகும். 47 சதவீதம் பேர் வென்டிலேட்டருக்குப் போகாமலே அதிலிருந்து மீண்டார்கள். யோசித்து மாறியவர்களில் நம் நாட்டு டாக்டர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அதைச் சொல்லிக் கைதட்டியிருக்கலாம்.

மூன்றாவது ஆட்சேபம் எனக்குத் தெரிந்தவர்கள் கேட்பது. "உன் அண்ணனுக்கு நடந்ததற்குப் பிறகும் இப்படிப் பேசுகிறாயா?"

அதற்குப் பிறகுதான் பேசுகிறேன்.

2020 ஜூலை. ஆடி பிறந்து நான்காம் நாள். இரவு 9 மணிக்கு மேல் வெளியே போகக் கூடாது என்ற ஊரடங்கு. நான் டொங்காட்டில், அண்ணன் டர்பனில் ஒரு வார்டில். அண்ணிக்கும் காய்ச்சல், அவர்கள் பேசும் நிலையில் இல்லை. சாயங்காலம் அண்ணனே போன் செய்தான். மூச்சு வாங்கி வாங்கி, "அம்மனுக்குக் கூழ் காய்ச்சினாயாடா?" என்று கேட்டான். அந்த வருடம் கோயிலில் கூட்டம் கூடாது, வீட்டிலேயே காய்ச்சினோம் என்றேன். "உப்புப் போட்டாயா?" என்றான். ஆயா செத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அவளுடைய கேள்வியை அவன் கேட்கிறான். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. உப்பைப் பற்றி.

இரவு ஒரு பெண் டாக்டர் கூப்பிட்டார். இன்னொருவர் சாட்சியாக இணைப்பில் இருந்தார். களைத்துவிட்டார், இனி தானாக மூச்சு விட முடியாது, வென்டிலேட்டர் வைக்கிறோம், சம்மதமா என்றார். நான் "சரி" என்றேன். மேடையில் இருந்த ஐயா அவர்களே, நான் கையெழுத்துக்கூடப் போடவில்லை. ஒரு சொல்தான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பதினோராம் நாள் போய்விட்டான். வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றார்கள். ஐம்பது பேர் எங்கே வந்தார்கள்? பயத்தில் பதினான்கு பேர்.

அந்தப் பதினோரு நாளும் அந்த இயந்திரம்தான் அவனை வைத்திருந்தது. அது நோயைக் குணப்படுத்தாது, நேரம் வாங்கிக் கொடுக்கும். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ வந்தபோது மருத்துவ மாணவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்து, கையால் பையை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அந்தக் கைகளின் வேலையைத்தான் இயந்திரம் செய்கிறது. அண்ணன் போவதற்கு முந்தைய மாதம், 2020 ஜூனில்தான், டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டெராய்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று ஆக்ஸ்போர்டில் அறிவித்திருந்தார்கள். அண்ணனுக்கும் அதைக் கொடுத்தார்கள். வாங்கிய நேரம் போதவில்லை. அவ்வளவுதான். கொலை இல்லை.

ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. 2021 ஜனவரி, இரண்டாம் அலை. இந்த முறை அண்ணி. அதே மருத்துவமனை. மூக்கில் அந்த வேகமான ஆக்சிஜன், பகலெல்லாம் குப்புறப் படுக்கை, ஒன்பதாம் நாள் தேறிவிட்டார்கள். வேறொரு டாக்டர், இளைஞர், போனில் சந்தோஷமாகச் சொன்னார்: "இப்போதெல்லாம் நாங்கள் அவசரப்படுவதில்லை, போன வருடம் கொஞ்சம் சீக்கிரம் குழாய் இறக்கிவிட்டோம்." நல்ல மனதோடு சொன்னார், எந்த வீட்டில் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. "நன்றி, டாக்டர்" என்று வைத்துவிட்டேன்.

அந்த வாக்கியம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. மாற்றிக்கொண்டீர்கள், சரி. மாற்றிக்கொண்டதை முந்தைய வருடம் "சரி" என்று சொன்னவர்களைக் கூப்பிட்டு ஒருவராவது சொல்லியிருக்கலாமே? அன்றைக்கு அந்த வார்டில் அந்த அதிவேகக் கருவி இல்லை, உங்கள் அண்ணன் நிலையில் வேறு வழியும் இல்லை என்று ஐந்து நிமிடம். பதினாறாம் நாள் முடிந்த பிறகாவது. யாரும் கூப்பிடவில்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் மேடைக்காரர்கள் மைக்கைப் பிடிக்கிறார்கள். பார்த்தீர்களா, வக்காலத்து வாங்க வந்தவன் எங்கே வந்து நிற்கிறேன் என்று.

சில மணி நேரம் காத்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பானா? எனக்குத் தெரியாது. அந்தப் பெண் டாக்டருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்றவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அவர் ஆங்கிலத்தில் பேசினார். நம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே. புரிந்துவிட்டது. அண்ணன் மகன் திங்கட்கிழமை காலை அந்தக் காணொளியை எனக்கு அனுப்பினான். நான் சொன்ன ஐந்து பேரில் அவனும் ஒருவன். கைகூப்பும் படம் இல்லை, ஒரு சொல் இல்லை, காணொளி மட்டும். அன்று இரவு போனில் "சரி" சொன்னது இந்தச் சின்னப்பாதான் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால்தான் இவ்வளவையும் இங்கே தமிழில் எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் மொழிபெயர்த்து அவனுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவனுக்கு ஆங்கிலத்தில் நானே எழுத வேண்டும். மூன்று நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.