கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு

ஊருக்குப் போனால் டீக்கடையில் இந்த ஒரு பேச்சுதான். "நூறு நாள் வேலை வந்ததும் சனம் சோம்பேறியா போச்சு, நடவுக்கு ஆளே வர்றதில்ல." போன வாரமும் கேட்டேன். சொன்னவர் எனக்கு வேண்டியவர், வயதில் மூத்தவர். அங்கே வாதாட மனம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். என் தாத்தா படியாள், அதாவது கடனுக்காகப் பண்ணைக்குக் கட்டுப்பட்ட கூலியாள். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகப் பண்ணையில் சேர்ந்தார். சாகும்வரை அந்தக் கடன் தீரவில்லை. கூலி நெல்லாகத்தான், மரக்காலில் அளந்து போடுவார்கள். திண்ணைக்குக் கீழே நின்று பாட்டி அதை முந்தானையில் ஏந்தி வாங்குவாளாம். அளவு குறைந்தாலும் கேட்க முடியாது. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறிவிடும்.

எங்கள் மாவட்டத்து இருவேல்பட்டைப் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களைக் கணக்கெடுத்தார். அதில் இதுவும் ஒன்று. அப்புறம் வெவ்வேறு ஆய்வாளர்கள் ஏறக்குறைய இருபது வருடத்துக்கு ஒருமுறை அதே ஊருக்குத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். 2008-ல் போனவர்கள் பார்த்தது வேறு ஊர். படியாள் முறை போய்விட்டது, பெரிய நிலக்காரர்களின் பிடி தளர்ந்துவிட்டது, வயலுக்கு வெளியே கிடைக்கும் வேலையில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியதே 2006-ல். தொண்ணூறு வருட மாற்றத்தை இரண்டு வருடத் திட்டத்தின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

சரி, ஆள் எங்கே போனார்கள்? எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள், அப்பாவுக்கு மூன்று, எனக்கு ஒன்று. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகள்; 2019-21 குடும்ப நல ஆய்வில் அது 1.8. பிறக்காத பிள்ளை எப்படி நடவுக்கு வரும்? பிறந்த பிள்ளைகளும் சத்துணவு சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். இன்று எங்கள் தெருப் பெண்கள் விடியற்காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் அவர்கள் பெயரிலேயே வங்கியில் விழுகிறது. அவர்களைச் சேற்றில் இறங்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. கம்பெனி சம்பளத்தில் பாதி மகளிர் குழுத் தவணைக்கே போகிற வீடுகள் உண்டு. டைல்ஸ் போட்டுக் கட்டிய வீடுகள் பொங்கலுக்கு மட்டும் திறக்கின்றன. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். எங்கள் தெருவில் பகலில் நடந்தால் அவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. 2025-26-க்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். அதை வாங்கித்தான் மாத்திரை வாங்குகிறார்கள். சோம்பேறி என்று நாம் சொல்வது இவர்களைத்தான். எனக்கு வயிறு எரிகிறது.

பெரியம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில். ராத்திரி முட்டிவலியில் எழுந்தால் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. ஊரில் ஆள் இல்லை என்று கவலைப்படுகிறவர்கள் இந்த ஆள் இல்லாத வீட்டைப் பற்றிப் பேசட்டும், நானும் கூட உட்கார்ந்து பேசுகிறேன்.

நான் ஊரில் இருந்தபோதுதான், அந்தப் பழைய பண்ணை வீட்டிலிருந்து மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைக்குக் களை வெட்டப் பெரியம்மாவைக் கூப்பிட வந்தார்கள். "ஒம்போது மணிக்கு வருவேன், ரெண்டு மணிக்குக் கரையேறிடுவேன்" என்றாள். சம்மதித்தார்கள். சாயங்காலம் கூலி வாங்கப் போனவளோடு நானும் போனேன். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ரூபாயை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஒரு வாய் தண்ணி குடு" என்று கேட்டுக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.